வாங்கும்போது குப்பை, விற்கும்போது பொக்கிஷம்

பெரியம்மா திருவல்லிக்கேணி வீட்டைக் காலி செய்துவிட்டு மகனுடைய மேடவாக்கம் ஃபிளாட்டுக்குக் குடிபோனபோது, இடமில்லை என்று கழித்துக் கட்டிய சாமான்களில் ஒன்று மர்ஃபி வால்வு ரேடியோ. ஹாலில் அதற்கென்றே ஒரு ஸ்டாண்டு, அதன்மேல் பெரியம்மா கையால் பூப்போட்ட துணி என்று ராஜ மரியாதையோடு இருந்தது. பழைய சாமான் எடுக்க வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இதெல்லாம் இப்ப யாரும்மா கேக்கறாங்க? உள்ள எல்லாம் செத்துப் போயிருக்கும். மரத்தை உடைச்சு அடுப்புக்குத்தான் போடணும். உங்க முகத்துக்காக நானூறு ரூபா தரேன்."

பெரியம்மா வாங்கிக்கொண்டார். ஆட்டோவுக்கு ஆச்சு என்றார்.

நாலு மாதம் கழித்து, சென்னைக்குத் தெற்கே ஒரு பழம்பொருள் கடை. ஏ.சி. குளிர், மங்கலான மஞ்சள் விளக்கு, சந்தன ஊதுபத்தி வாசனை. நடுவில் ஒரு மேஜையில் அதே ரேடியோ. அதேதானா என்று நீங்கள் கேட்கலாம். மேல் பலகையில் இடது ஓரம் பெரியப்பா அணைக்காமல் வைத்த சிகரெட் சுட்ட தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் அதை நகத்தால் சுரண்டி அடி வாங்கியவன் நான். பளபளவென்று வார்னிஷ் ஏறியிருந்தது. தழும்பு மட்டும் போகவில்லை. கழுத்தில் தொங்கிய சீட்டில் விலை 22,000 ரூபாய்.

கடைக்காரத் தம்பி பக்கத்தில் வந்து நின்றார். நல்ல பேச்சு, நல்ல பண்பு.

"நல்ல கண்ணு சார் உங்களுக்கு. ஒரு ஜமீன் பங்களாவுல இருந்து வந்தது. 1940 மாடல். எல்லாமே ஒரிஜினல். ஃபுல்லி சர்வீஸ்டு. போன வாரம் வரைக்கும் பாடிட்டிருந்துச்சு. அடிக்கடி கரண்ட் கொடுக்க வேணாம்னு இப்ப கழட்டி வெச்சிருக்கோம்."

எங்கள் பெரியப்பா ஜமீன்தார் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவர் 1962-ல் தவணையில் வாங்கிய ரேடியோ அது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டவேண்டிய காலம். அந்த லைசென்ஸ் புத்தகம் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது.

தம்பி ஒரே மூச்சில் சொன்னது ஐந்து தகவல். அதில் நாலு பொய். ஒன்று மட்டும் தற்செயலாக உண்மை. பொய்களைவிட அந்த உண்மைதான் ஆபத்தானது. எப்படி என்று சொல்கிறேன்.

* * *

பின்பக்க அட்டையைக் கழற்றச் சொன்னேன். தம்பிக்கு மனசே இல்லை. கழற்றினார். உள்ளே ஒரு விரற்கடை தூசி. அதற்கு அடியில் மெழுகு வழிந்த கண்டன்சர்கள், 1962-ல் கம்பெனி போட்டது போட்டபடி. ஆமாம், எல்லாமே ஒரிஜினல்தான்.

அறுபது வருஷத்துக்கு மேலான வால்வு ரேடியோவில் முதலில் சாவது கண்டன்சர். மெயின் கண்டன்சருக்குள் இருக்கும் ரசாயனம் காய்ந்துபோகும். காகிதக் கண்டன்சர்கள் கசிய ஆரம்பிக்கும். இதை மாற்றாமல், பல வருஷம் தூங்கிய செட்டுக்கு 230 வோல்ட்டைத் திறந்துவிட்டால் வால்வு போகலாம், டிரான்ஸ்ஃபார்மரே எரியலாம். அதனால் சர்வீஸ் தெரிந்தவர் முதலில் செய்கிற வேலை கண்டன்சரை மாற்றுவது.

இப்போது தம்பியின் வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். "எல்லாமே ஒரிஜினல். ஃபுல்லி சர்வீஸ்டு." சர்வீஸ் ஆகியிருந்தால் எல்லாமே ஒரிஜினலாக இருக்க முடியாது. எல்லாமே ஒரிஜினல் என்றால் சர்வீஸ் ஆகவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர் ஒன்றில் பொய் சொல்கிறார், அல்லது இரண்டுக்கும் அர்த்தம் தெரியாமல் சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரிடம் 22,000 ரூபாயை ஏன் கொடுக்க வேண்டும்?

"சர்வீஸ்னா என்ன தம்பி செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா க்ளீன் பண்ணி வார்னிஷ் அடிச்சோம் சார்."

* * *

வயசு விஷயத்துக்கு வருவோம். பழைய ஆடியோ சாமான் விற்கிறவர்களுக்கு வருஷத்தைப் பின்னால் தள்ளுவது ரொம்பப் பிடிக்கும். ஐம்பதுகளில் பிறந்ததை முப்பதுகளுக்குத் தள்ளுவார்கள். ஆனால் இந்த சாமான்கள் தங்கள் ஜாதகத்தைத் தாங்களே சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. படிக்க நாலு விஷயம் தெரிந்தால் போதும்.

எல்.பி. ரெக்கார்டு 1948-ல்தான் வந்தது. ஆகவே வேகத்தை மாற்றுகிற குமிழில் 33 என்று போட்டிருக்கிற பிளேயர் "1935 மாடல்" ஆக முடியாது. ஸ்டீரியோ எல்.பி. கடைக்கு வந்தது ஐம்பதுகளின் கடைசியில். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்ததே 1947 டிசம்பரில், ஆகவே "சுதந்திரத்துக்கு முந்தின டிரான்சிஸ்டர்" என்று யாராவது காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ரேடியோவின் டயலில் ஸ்ரீலங்கா என்று அச்சடித்திருந்தால் அது 1972-க்குப் பிந்தியது. அதற்குமுன் அந்த நாட்டின் பெயர் சிலோன். பேக்கலைட் அடிப்பாகம் இல்லாமல் முழுக்கக் கண்ணாடியாலான சின்ன வால்வுகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவியவை. பெரியப்பாவின் மர்ஃபியில் இருந்தவை அவைதான். 1940-ஐ அந்த வால்வுகளே மறுத்துக்கொண்டிருந்தன.

வயசுப் பொய்யின் உச்சம் கிராமபோன். பெரிய பித்தளைக் குழல், எட்டு மூலைப் பெட்டி, நாய் உட்கார்ந்து கேட்கிற எச்.எம்.வி. சின்னம். ஹோட்டல் வரவேற்பறைகளிலும் சினிமா செட்டுகளிலும் பார்த்திருப்பீர்கள். "1920 ஒரிஜினல், லண்டன் பீஸ்" என்று விற்கப்படுகிற இவற்றில் பெரும்பாலானவை நம் நாட்டுப் பட்டறைகளில் சமீபகாலத்தில் கோத்தவை. உள்ளே ஏதோ ஒரு பழைய சூட்கேஸ் கிராமபோனின் மோட்டாரைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். மற்ற எல்லாமே புதுசு. வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் இதற்குக் 'கிராப்போஃபோன்' என்று ஒரு செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். நாகரிகம் கருதி மொழிபெயர்க்கவில்லை.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. குழலின் தகடு மெல்லிசாக, கண்ணாடி மாதிரி பளபளக்கும். குழலையும் கையையும் இணைக்கும் முழங்கை முரட்டுத்தனமாக வளைந்திருக்கும். எச்.எம்.வி. தகடு நேற்று ஒட்டியதுபோல் இருக்கும். உண்மையில், முப்பதுகளுக்குப் பிறகு நம் ஊர் வீடுகளுக்கு நிறைய வந்தது குழலே இல்லாத, மூடினால் சூட்கேஸ் மாதிரி ஆகிவிடுகிற மாடல். எச்.எம்.வி. 102 அந்த வகை, 1931-ல் வந்தது. அது பார்க்க அழகாக இல்லை என்று நாம்தான் ஒதுக்குகிறோம்.

அந்த நாய்ப் படத்துக்கும் ஒரு கதை உண்டு. பிரான்சிஸ் பாராட் என்ற ஓவியர் முதலில் வரைந்தபோது, நிப்பர் என்ற அந்த நாய் கேட்டுக்கொண்டிருந்தது சிலிண்டர் போனோகிராஃபை. 1899-ல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்கியபோது, அந்த மெஷினை அழித்து அதன்மேல் கிராமபோனை வரைந்துகொடுத்தார். ஆனால் அவர் கம்பெனிக்குத் தெரிந்தே மாற்றினார். நம் ஆட்கள் வாங்குகிறவருக்குத் தெரியாமல் மாற்றுகிறார்கள்.

அலங்காரத்துக்கு ஒரு பித்தளைக் குழல் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், தப்பில்லை. 'புதுசு, அழகுக்கு' என்று சொல்லி அதற்கான விலைக்கு விற்றால் நான் ஏன் பேசப்போகிறேன்? ஆனால் தாத்தாவின் பழைய 78 ரெக்கார்டை அதில் போட்டுவிடாதீர்கள். அந்தக் கனத்த கை உழுகிற உழவில், நூறு வருஷம் தாங்கிய குரல் நாலே தடவையில் போய்விடும்.

சட்டம் இங்கே ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளைப் புதுசு என்று ஏமாற்றி விற்பதை நேர்மையற்ற வணிகம் என்று தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. புதுசைப் பழசு என்று சொல்லி அதிக விலைக்கு விற்பான் என்று, பாவம், சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. நல்லவேளை, தரம் பற்றிச் சொல்லும் எந்தப் பொய்யும் அதே பட்டியலில் அடங்கும்.

* * *

இனி, கடைகளில் காதில் விழும் மற்ற வசனங்கள்.

"சின்ன வேலைதான் சார், பெல்ட் மட்டும் மாத்தணும்." அவ்வளவு சின்ன வேலை என்றால் அவரே மாற்றிப் பாட வைத்து இரண்டு மடங்கு விலை சொல்லியிருப்பாரே? சின்ன வேலையைச் செய்யாமல் வைத்திருக்கிறார் என்றால் அது சின்ன வேலை இல்லை. இந்த ஒரு கணக்கை மனசில் வைத்திருந்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

"ரேர் பீஸ் சார்." எத்தனை தயாரித்தார்கள், எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். பதில் வராது. அதுவுமில்லாமல், அன்றைக்கே யாரும் வாங்காததால் அரிதாகிப்போன மட்டமான செட்டுகளும் உண்டு.

"2,000 வாட்ஸ் சார்." தொண்ணூறுகளின் மியூசிக் சிஸ்டங்களில் பி.எம்.பி.ஓ. என்று ஒரு மாயக்கணக்கு ஒட்டியிருக்கும். பெட்டியைத் திருப்பி, பின்னால் உள்ள தகட்டில் எத்தனை வாட்ஸ் கரண்ட் இழுக்கிறது என்று பாருங்கள். 60 என்று இருக்கும். 60 வாட்ஸ் சாப்பிட்டுவிட்டு 2,000 வாட்ஸுக்குத் தொடர்ந்து கத்துகிற மெஷினை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் மின்வாரியத்தையே மூடியிருக்கலாம்.

"ஸ்பீக்கர் புத்தம்புது கண்டிஷன்." முன் வலையைக் கழற்றி, கூம்பின் விளிம்பை விரலால் மெதுவாகத் தொடுங்கள். ஃபோம் விளிம்பு என்றால் இருபது வருஷத்துக்குள் பெரும்பாலும் மக்கிவிடும். தொட்டால் உதிர்ந்த அப்பளம் மாதிரி கையோடு வரும்.

"வால்வெல்லாம் நல்லா இருக்கு." கண்ணாடிக்குள் வெள்ளி பூசினாற்போல் ஒரு திட்டு இருக்கும். அது பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது. இதற்கு மெக்கானிக்கே வேண்டாம், கண் போதும்.

"ஸ்பீடு கரெக்டா இருக்கு." தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத்துண்டை ஒட்டி சுற்றுகளை எண்ணுங்கள். எல்.பி. வேகத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சரியாக 100 சுற்று. கிராமபோன் என்றால் ஒரு நிமிஷத்துக்கு 78. சாவி கொடுத்தபின் ஒரு பக்கம் முழுக்க இழுவை இல்லாமல் ஓட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். சூடு ஏறினபிறகு காலை வாருகிற செட்டுகள் ஏராளம். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கரில் காதை வையுங்கள். பலமாக 'ஊம்' என்று முனகினால் கண்டன்சர் சரியில்லை. உங்களுக்கு மனப்பாடமான ரெக்கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் போட்டுக்காட்டுகிற ரெக்கார்டில் எல்லா செட்டும் நன்றாகத்தான் பாடும். "கரண்ட் இல்லை சார்", "ஊசி இப்ப இல்லை சார்" என்றால், பாடாத செட்டுக்கு உள்ள விலையைத்தான் பேச வேண்டும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ரேடியோக்களில் ஏ.சி./டி.சி. செட் என்று ஒரு வகை உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே மின்சார லைனோடு நேராக இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுக்க 230 வோல்ட் நிற்கும். குமிழ் உடைந்து வெளியே தெரிகிற தண்டு, ஆட்டம் கண்ட ஸ்க்ரூ, பின்பக்கம் இல்லாத அட்டை, எதைத் தொட்டாலும் அடிக்கும். "பேக் கவர் இல்லைன்னா என்ன சார், செவுத்துப் பக்கம்தானே இருக்கும்" என்று அதை விற்கிறார்கள். உங்கள் வீட்டில் தவழுகிற குழந்தை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

* * *

இதுவரை அவர்களைத் திட்டினேன். இப்போது நம் முறை.

ரிச்சி தெருப் பக்கம் ஒரு வயசான ரேடியோ மெக்கானிக்கை எனக்குத் தெரியும். அவரும் பழைய செட் விற்கிறார். அவர் பேசுகிற பேச்சைக் கேளுங்கள். "கண்டன்சர் பூரா மாத்திட்டேன் சார். ஒரு வால்வு புதுசு. ஸ்பீக்கர் இந்தக் கம்பெனிது இல்லை, வேற போட்டிருக்கேன். டயல் கண்ணாடியில விரிசல். எட்டாயிரம்." சொன்னதையெல்லாம் பில்லிலும் எழுதித் தருவார். அங்கே போன நம்மவர் என்ன செய்கிறார்? "ஒரிஜினல் ஸ்பீக்கர் இல்லையா?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, கடற்கரைச் சாலைக்குப் போய் 22,000 கொடுத்து ஜமீன் ரேடியோவை வாங்குகிறார். குறையைச் சொன்னதற்காகவே அந்த மனிதரைத் தண்டிக்கிறோம்.

பொருளின் குறை விற்பவருக்கு மட்டுமே தெரிந்த சந்தையில் நல்ல சரக்கு வைத்திருப்பவர் மெல்ல மெல்ல ஒதுங்கிப்போவார், மட்டம்தான் மிஞ்சும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார். 2001-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் ரேடியோ மெக்கானிக்கைக் கேட்டிருந்தால் அதையே ஒரே வரியில் சொல்லியிருப்பார்: "பொய் சொன்னாத்தான் சார் நிக்கறாங்க."

நாம் கடைக்குப் போவது ரேடியோ வாங்க மட்டும் இல்லை. தாத்தா வீட்டுத் திண்ணையை, சிலோன் ரேடியோ கேட்ட சாயங்காலத்தை, திரும்பி வராத சிலரை வாங்கப் போகிறோம். கடைக்காரருக்கு அது தெரியும். அதனால்தான் அவர் கண்டன்சரைப் பற்றிப் பேசாமல் ஜமீனைப் பற்றிப் பேசுகிறார். ஏக்கம் தப்பில்லை. எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஏக்கத்துக்கு எடை போட்டு விலை வைக்கிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருக்கக் கூடாதா?

வியாபாரிகள் தரப்பில் ஒரு நியாயம் சொல்கிறார்கள். "பத்து வாங்கினா ஏழு தேறாது சார். வாடகை, ஆள் கூலி எல்லாம் இருக்கு." ஒப்புக்கொள்கிறேன். லாபத்தில் எனக்குப் பங்கு வேண்டாம். நானூறுக்கு வாங்கியதை 22,000-க்கு விற்பதைக்கூட சாமர்த்தியம் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தச் சாமர்த்தியத்தின் முதல் பாதி எங்கே நடந்தது? வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் நின்ற எண்பது வயதுக் கிழவியிடம். வாங்கும்போது குப்பை. விற்கும்போது பொக்கிஷம். ஒரே பொருளைப் பற்றிய இந்த இரண்டு வாக்குமூலமும் ஒரே தொழிலில் இருந்துதான் வருகிறது. இதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். கடைக்காரர் வாயால் சொன்ன ஒவ்வொன்றையும், "இதையே பில்லில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எந்த வருஷம், என்னென்ன மாற்றினார்கள், பாடுகிறதா, எத்தனை நாளைக்குப் பொறுப்பு. 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு, சொல்லி விற்ற விவரத்துக்குப் பொருள் பொருந்தியிருக்க வேண்டும் என்கிறது. கடையில் இருக்கிற பல 'ஆன்டிக்' கிராமபோன்களைவிட அந்தச் சட்டம் நிஜமாகவே பழசு. ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணம்கூடக் கிடையாது. கையில் எழுத்து இருந்தால் வழக்கு. இல்லாவிட்டால் வெறும் புலம்பல்.

எழுதித் தரச் சொன்ன உடனே பாதி வசனங்கள் காணாமல் போவதை நீங்களே பார்க்கலாம். மிச்சம் இருப்பதற்கு மட்டும் விலை பேசுங்கள்.

உங்கள் வீட்டு மாடியிலோ பரணிலோ ஒரு பழைய செட் கிடந்தால், வாசலில் வந்து நிற்கிற முதல் ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். ரெண்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நாலு கடையில் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று வாங்க வந்தவர் மாதிரி போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

* * *

அன்றைக்கு நானும் கேட்டேன். "1940, ஜமீன், போன வாரம் பாடியது, எல்லாத்தையும் எழுதித் தாங்க தம்பி."

"அதெல்லாம் எழுதறதில்லை சார். நம்பிக்கைதான்."

சரி என்று உண்மையைச் சொன்னேன். இது என் பெரியம்மா வீட்டு ரேடியோ, 1962-ல் வாங்கியது, லைசென்ஸ் புத்தகம்கூட இருக்கிறது. தம்பி ஒரு வினாடிதான் தடுமாறினார். பிறகு முகம் மலர்ந்தது.

"அந்த லைசென்ஸ் புக்கைக் கொடுங்களேன் சார். கூடவே வெச்சா இன்னும் அஞ்சாயிரம் சேர்த்து விக்கலாம். உங்களுக்கு ஆயிரம் தரேன்."

சாயங்காலம் மேடவாக்கம் போய்ப் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்திரண்டாயிரம் என்றதும் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பாடுச்சாடா?"

"இல்லை பெரியம்மா. போன வாரம் வரைக்கும் பாடிச்சாம்."

"எப்படிப் பாடும்? உங்க பெரியப்பா போன வருஷமே அது நின்னு போச்சே."

பெரியப்பா போனது 1991-ல்.